கடைசி ரெண்டு நிமிசம்

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணி ஆச்சுன்னா எங்க வீட்டுக்காரருக்கு நான் கூப்பிடுதது காதுல விழாது. தலைக்கு மையைப் பூசி, சட்டையை இன் பண்ணி, செண்டை அடிச்சுக்கிட்டு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி வீட்டு மாடிக்குக் கிளம்பிருவாவ. எங்கன போறீங்கன்னு கேட்டா, “மறுகேட்பு” அப்படின்னுவாவ. என்னமோ கோர்ட்டுல மறுவிசாரணைக்குப் போற மாதிரி ஒரு மிடுக்கு.

மறுகேட்புன்னா வேற ஒண்ணுமில்ல. எழுபதுகள்ல நாலு இங்கிலீஷ்காரப் பயலுவ தோள் வரைக்கும் முடி வளர்த்துக்கிட்டு கிட்டாரைப் போட்டு அடிச்சிருக்காங்க. அவங்க போட்ட ஆல்பத்தையெல்லாம் வாரத்துக்கு ஒண்ணா, ஒண்ணு விடாம, முதல்ல இருந்து திருப்பிக் கேக்குதது. கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு வந்தாலும் பரவாயில்ல. கேட்டதைப் பத்திப் பேசணும். பேசினதைப் பத்தி வாட்ஸப்புல எழுதணும். எழுதினதுக்கு மத்தவங்க எல்லாரும் தீப்பொம்மை போடணும். அடுப்புல காஸ் தீந்து போச்சு, சொல்லி விடுங்கன்னு நான் ஒருநா மெசேஜ் அனுப்பினேன். அதுக்கும் மூணு தீயைப் போட்டு அனுப்பிட்டாவ. நானும் எவ்வளவுதான் பொறுக்க?

கூட்டம்னா பத்துப் பன்னெண்டு பேர் வருவாங்க. ஆனா மூலவர் மூணு பேருதான். ஒருத்தர் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. மாடி அவருது, ஏசி அவருது, ஸ்பீக்கர் அவருது, அதனால பாட்டுக்கு நடுவுல பேசுத உரிமையும் அவருதுதான். ரெண்டாவது ஆளு காலேஜ்ல இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆன புரொபசர். அவருக்குப் பாட்டு நாலு நிமிசம்னா விளக்கம் நாப்பது நிமிசம். மூணாவது ஆளு விளாத்திகுளத்துல மிளகா கமிஷன் கடை வச்சிருக்காரு. அம்புட்டுத் தூரத்துல இருந்து வெயில்ல பைக்ல வந்து இறங்குவாரு. பாட்டு ஆரம்பிச்ச உடனே அவருக்குக் கண்ணு கலங்கிரும். பாட்டோட உருக்கமோ, சட்டையில ஒட்டிக்கிட்டு வந்த மிளகா நெடியோ, யாரு கண்டா.

மூணு பேரும் காலேஜ் படிக்கும்போது எங்க கடைக்கு வந்து கிடந்த பயலுவதான். இன்னைக்கு வரைக்கும் எங்க வீட்டுக்காரரை அண்ணாச்சி அண்ணாச்சின்னு தலையில தூக்கி வச்சு ஆடுதாங்க. ‘கோவில்பட்டிக்கு ராக் கொண்டுவந்தவர்’னு ஒரு பட்டம் வேற கொடுத்திருக்காங்க. கொண்டுவந்தாவ, வாஸ்தவந்தான். மதுரையில இருந்து பஸ்ல மடியில வச்சுக் கொண்டுவந்தாவ. இறக்கி வச்சதுக்கு அப்புறம் வேலை பாத்தது யாருன்னு ஒரு நாதியும் கேட்டதில்ல.

நான் சொல்லுதேன். பழைய பஸ்ஸ்டாண்டுக்குப் பக்கத்துல எங்களுக்கு ஒரு கேசட் ரெக்கார்டிங் கடை இருந்துச்சு. முன்னால கடை, பின்னால வீடு. ரோட்டுப்பக்கம் வச்சா கரிசல் தூசி மிஷினுக்குள்ள போயிருமேன்னு ரெக்கார்டு பிளேயரையும் கேசட்டுல பதியுத டெக்கையும் உள்ளுக்க, அடுப்படிக்கு அடுத்த ரூமுல வச்சிருந்தோம். கடை முன்னால ஸ்டூலைப் போட்டு, டீயைக் குடிச்சுக்கிட்டு, வார பயலுவகிட்ட பாட்டைப் பத்தி நீட்டி முழக்குதது அவிய வேலை. உள்ளுக்க உக்காந்து பதியுதது என் வேலை. ஆளுக சீட்டுல பாட்டு லிஸ்ட்டு எழுதி வெறும் கேசட்டோட கொடுத்துட்டுப் போவாங்க. நான் ரெக்கார்டைத் துடைச்சு, ஊசியைத் துடைச்சு, பாட்டைப் பதிஞ்சு, கேசட்டு அட்டையில பாட்டுப் பேரையெல்லாம் வரிசையா எழுதி வைப்பேன். பத்தாப்பு வரைக்கும் படிச்சவ நான். இங்கிலீஷ் எழுத்து முத்து முத்தா விழும். “அண்ணாச்சி கையெழுத்து அச்சடிச்ச மாதிரில்லா இருக்கு”ன்னு இந்தப் புரொபசர் அப்போ வாயைப் பிளப்பாரு. அவிய மீசையைத் தடவிக்கிட்டு, “பழக்கந்தாம்லே” அப்படின்னு சொல்லுவாவ. அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டு இருப்பேன். பத்திக்கிட்டு வரும் எனக்கு.

அரை மணி நேரப் பாட்டைப் பதியணும்னா அரை மணி நேரம் ஆகத்தான் செய்யும். அதுக்குள்ள நான் வெங்காயம் உரிப்பேன், பருப்பை வேகப் போடுவேன், பிள்ளைக்குத் தலை சீவிவிடுவேன். ஆனா ஒரு பக்கம் முடியுத நேரத்துல மட்டும் கிட்ட போயி நின்னுக்கிடணும். ஏன்னா பாட்டு முடிஞ்ச பொறவு ஊசி நடுவுல போயி கிர் கிர்ருன்னு சுத்திக்கிட்டே கிடக்கும். அந்தச் சத்தம் கேசட்டுல ஏறிருச்சுன்னா அவியளுக்கு மூக்குக்கு மேல கோவம் வரும். நம்ம கடை கேசட்டுல கிர் சத்தம் வந்துச்சுன்னு எவனும் சொல்லப்பிடாது, அது நம்ம கவுரவம்னுவாவ. கவுரவம் அவியளுக்கு, காவல் காக்குதது நான். பாட்டு முடிஞ்ச அந்த நொடி பட்டனை அமுக்கிறணும். இது எங்க கடை வழக்கம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ரெக்கார்டெல்லாம் மதுரையில ஒருத்தருகிட்ட இரவல் வாங்கிட்டு வாரது. மறுநாளே திருப்பி அனுப்பணும். அதனால முதல்ல ஒரு உசத்தி கேசட்டுல பதிஞ்சு பீரோவுல வச்சுக்கிடுவோம். அதுக்குப் பேரு மாஸ்டர். யாரு வந்து கேட்டாலும் அதுல இருந்துதான் காப்பி எடுத்துக் கொடுக்கது. கோவில்பட்டியோ, எட்டயபுரமோ, விளாத்திகுளமோ, புதியம்புத்தூரோ, இந்தக் கரிசக்காட்டுல எவன் வீட்டுல அந்த முடிக்காரப் பயலுவ பாட்டு ஓடினாலும் அது என் மாஸ்டர் பெத்த பிள்ளையாத்தான் இருக்கும்.

இப்படி இருக்கையில ஒருநா ‘கதவு’ வந்துச்சு. அந்த ஆல்பத்தோட நிஜப் பேரு வேற. அட்டையில வீடே இல்லாம பொட்டல்ல ஒத்தைக் கதவு மட்டும் நிக்கும், அதனால எங்க கடையில அதுக்குப் பேரு கதவு. சாயங்காலம் வந்த ரெக்கார்டு, மறுநா மத்தியானம் ரெண்டு மணி மதுரை பஸ்ல கண்டக்டர் கையில கொடுத்து அனுப்பிறணும். காலையில முதப் பக்கம் பதிஞ்சேன். ரெண்டாவது பக்கத்துக்கு ஊசியை வைக்கப் போறேன், கரண்டு போயிருச்சு. பன்னெண்டரைக்குத்தான் வந்துச்சு. அவிய அன்னைக்குன்னு பாத்து முன்னால இருந்த ஆளுகளைச் சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லிட்டாவ. யாருன்னு அப்புறம் சொல்லுதேன். பொம்பளைகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணாது. உலையில கூட ரெண்டு உழக்கு அரிசியைப் போட்டுட்டு, ரெண்டாவது பக்கத்தை ஓட விட்டேன்.

கடைசிப் பாட்டு நீளமான பாட்டு. மெதுவா ஆரம்பிச்சு, ஏறி, திரும்ப இறங்கும். அந்தப் பாடுத ஆளு யாருகிட்டயோ என்னமோ கேட்டுக்கிட்டே இருப்பான். அது இறங்குத நேரத்துல இந்தப் பக்கம் சோறு பதத்துக்கு வந்துருச்சு. இன்னும் ரெண்டு நிமிசம் விட்டா குழைஞ்சு கஞ்சியாயிரும். முன்னால இருந்து, “ஏட்டி, சோறு என்னாச்சு?”ன்னு அவிய சத்தம். பின்னாலயே, “மதினி, பசி உயிர் போவுது”ன்னு இன்னொரு சத்தம். பாட்டை அப்படியே விட்டுட்டுப் போனா கிர் சத்தம் ஏறிரும், கவுரவம் போயிரும். நின்னு பாட்டை முடிச்சா சோறு போயிரும். பட்டனை அமுக்கினேன். ஊசியைத் தூக்கி வச்சேன். கரித்துணியை எடுத்து சோத்தை வடிச்சேன். அம்புட்டுத்தான் நடந்தது.

எல்லாருக்கும் பரிமாறி, எச்சி இலையை எடுத்துப் போட்டுட்டு மிச்சத்தைப் பதிவோம்னு வந்து பாக்கேன், ரெக்கார்டைக் காணல. நேரமாயிருச்சுன்னு அவியளே அட்டையில போட்டு பஸ்ஸுக்குக் கொண்டுபோயிட்டாவ. திரும்பி வந்ததும் சொன்னேன்: “கடைசிப் பாட்டு முழுசா ஏறல. ரெண்டு நிமிசம் விட்டுப் போச்சு.” அவிய பல்லைக் குத்திக்கிட்டே, “இங்கிலீஷ் பாட்டுதானட்டி, எவன் கண்டான்” அப்படின்னாவ.

எவனும் காணல. அதுதான் வினையாப் போச்சு.

பாதி வார்த்தையில நிக்குத அந்தப் பாட்டு ஊரெல்லாம் பரவுச்சு. பயலுவளுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு. “என்ன தைரியம் பாத்தீங்களா அண்ணாச்சி, பாடிக்கிட்டே இருக்கான், சடார்னு ஒண்ணுமில்ல”ன்னு கடை முன்னால உக்காந்து மாஞ்சு போவாங்க. சாவு அப்படித்தான் வரும், பேசிக்கிட்டு இருக்கும்போதே வரும், அதைத்தான் அவன் சொல்லுதான்னு புரொபசர் கண்டுபிடிச்சாரு. கண்டுபிடிச்சதோட விட்டாரா? ஒரு சிறுபத்திரிகையில பன்னெண்டு பக்கம் எழுதினாரு. வேலை மெனக்கெட்டு ரெண்டு தடவை படிச்சுப் பாத்தேன். மரணம் இருந்துச்சு, சூன்யம் இருந்துச்சு, மௌனம் இருந்துச்சு. சோத்துப்பானை மட்டும் இல்ல. முதலாளிக்குக் கார்ல போகும்போது அந்த இடம் வந்துச்சுன்னா வண்டியை ஓரங்கட்டி ஒரு நிமிசம் கண்ணை மூடி உக்காரணும். மிளகாக்கடைக்காரருக்கு அழணும். இதெல்லாம் என் காதுபடவே நடந்துச்சு.

சரி, செல்போன் வந்துச்சே, உலகத்துல உள்ள பாட்டெல்லாம் கையில வந்துச்சே, முழுப் பாட்டையும் கேட்டிருப்பாங்களேன்னு நீங்க நினைப்பீங்க. கேட்டாங்க. கேட்டுட்டு என்ன சொன்னாங்க தெரியுமா? கம்பெனிக்காரன் வியாபாரத்துக்காகப் பின்னால ஒட்டுப் போட்டிருக்கானாம். ஒரிஜினல் கோவில்பட்டியில இருக்கதுதானாம். அடியாத்தீ! லண்டன்காரன் போட்ட பாட்டு போலி, நான் சோறு வடிக்கப் போன பாட்டு அசல். சந்தேகம் வரும்போதெல்லாம் எங்க வீட்டுக்காரர்கிட்டதான் வருவாங்க. “நீங்க ரெக்கார்டைக் கண்ணால பாத்தவரு, சொல்லுங்க அண்ணாச்சி.” அவிய தொண்டையைச் செருமிட்டு, “நான் பதியும்போது அப்படித்தாம்லே இருந்துச்சு” அப்படின்னுவாவ. ‘நான் பதியும்போது.’ கேட்டீங்களா? பொய்யில பாதி பாட்டைப் பத்தினது, மீதிப் பாதி என்னைப் பத்தினது. பாட்டு எக்கேடும் கெட்டுப் போகட்டும். அந்த ‘நான்’தான் எனக்கு ஆறல.

இந்த வருசம் மறுகேட்பு வரிசையில கதவு கடைசியா வந்துச்சு. முதலாளி லண்டன்ல இருக்க மகன்கிட்டச் சொல்லி, அந்தக் காலத்துல முதன்முதலா அச்சான ரெக்கார்டையே வரவழைச்சுட்டாரு. ஊருக்கே நிரூபிச்சுக் காட்டணுமாம், அசல் எதுன்னு. அன்னைக்கே அண்ணாச்சிக்குப் பாராட்டு விழா, குடும்பத்தோட வரணும்னு வாட்ஸப்புல அழைப்பிதழ் வந்துச்சு. எங்க வீட்டுக்காரர் போட்டோ நடுவுல, சுத்தி நாலு கிட்டாரு.

அந்த வாரம் பூராவும் எனக்கு மனசு ஒரு நிலையில இல்ல. ஒருநா காபியைக் கையில கொடுத்துட்டு நேராவே கேட்டுட்டேன்.

“விழாவுல பேசுவீங்கள்லா?”

“ஆமா.”

“ஒரு வார்த்தை சொல்லிருங்க. கேசட்டெல்லாம் பதிஞ்சது என் வீட்டுக்காரின்னு. வேற ஒண்ணும் வேண்டாம்.”

“இந்த வயசுல உனக்கு எதுக்குட்டி அதெல்லாம்?”

“இந்த வயசுல உங்களுக்கு மட்டும் எதுக்குப் பொன்னாடை?”

பேப்பரை விரிச்சு மூஞ்சியை மறைச்சுக்கிட்டாவ. “பாப்போம்” அப்படின்னாவ. முழுப் பாட்டும் ஓடிருச்சுன்னா உங்க குட்டு உடைஞ்சிரும், யோசிச்சுக்கிடுங்கன்னும் சொன்னேன். “ஒட்டுப் போடாத ரெக்கார்டுட்டி, அது நம்ம கேசட்டு மாதிரிதான் நிக்கும்” அப்படின்னு பேப்பருக்குப் பின்னால இருந்து பதில் வருது. சொன்ன பொய்யைத் திருப்பித் திருப்பிக் கேட்டு, கடைசியில அவியளே நம்பிட்டாவ.

வெக்கத்தை விட்டுச் சொல்லுதேன், எனக்கு அந்த ஒரு வார்த்தை வேணும்னு இருந்துச்சு. பாராட்டு வேண்டாம், பொன்னாடை வேண்டாம். பதிஞ்சது இவதான்னு நாலு பேருக்கு முன்னால அவிய வாயால வரணும். வரும்னு நினைச்சு அரக்குக் கலர் பட்டுச்சேலையைக் கட்டிக்கிட்டுப் போனேன்.

மாடியில ஆம்பளையாளுக முன்னால குஷன் சேர்ல. பொம்பளையாளுக்குப் பின்னால பிளாஸ்டிக் சேரு, வடையும் கேசரியும் காபி டிரம்மும் வச்சிருந்த மேசைக்குப் பக்கத்துல. முதலாளி பொன்னாடை போத்தினாரு. புரொபசர் பேசினாரு. அப்புறம் அவிய மைக்கைப் பிடிச்சாவ. இருபது நிமிசம் விடல. இரவல் கொடுத்த மதுரைக்காரருக்கு நன்றி சொன்னாவ. பஸ் கண்டக்டருக்கு நன்றி சொன்னாவ. அப்பப்போ கரண்டு விட்ட ஈ.பி. ஆபீசுக்கு நன்றி சொன்னாவ. டெக்கு செஞ்சானே ஜப்பான்காரன், அவனுக்கும் ஒரு நன்றி. அடுத்து நான்தான்னு நிமிந்து உக்காந்தேன். “இத்துடன் முடித்துக்கொள்கிறேன்”னு சொல்லிட்டு உக்காந்துட்டாவ.

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. பக்கத்துல இருந்த முதலாளி வீட்டம்மா பெருமையில அழுதேன்னு நினைச்சு என் கையைப் பிடிச்சுக்கிட்டா. சவத்தை, அதையும் தாங்கிக்கிட்டு உக்காந்திருந்தேன்.

ரெக்கார்டு சுத்த ஆரம்பிச்சுது. முதப் பக்கம் முடிஞ்சு ரெண்டாவது பக்கம். கடைசிப் பாட்டு. ஏறுச்சு, இறங்குச்சு. முதலாளி கண்ணை மூடிட்டாரு. மிளகாக்கடைக்காரர் கைக்குட்டையை எடுத்து மடியில ரெடியா வச்சுக்கிட்டாரு. புரொபசர் ஒரு விரலைத் தூக்கினாரு, அந்த இடம் வந்ததும் கீழ போடுததுக்கு. அந்த இடம் வந்துச்சு. விரலைப் போட்டாரு.

பாட்டு நிக்கல.

அது பாட்டுக்குப் போவுது. பாதியில விட்ட வார்த்தையை அந்த ஆளு முடிச்சான். அடுத்த வரி பாடினான். புரொபசர் விரல் கீழயும் இல்லாம மேலயும் இல்லாம அந்தரத்துல நிக்குது. முதலாளி ஒரு கண்ணை மட்டும் திறந்தாரு. கைக்குட்டையை என்ன செய்யன்னு தெரியாம மிளகாக்கடைக்காரர் கழுத்தைத் துடைச்சாரு. அவங்க மூஞ்சியைப் பாத்துக்கிட்டு இருந்ததுல, சத்தியமாச் சொல்லுதேன், பாட்டு எப்படி முடிஞ்சுதுன்னு நான் கவனிக்கவே இல்ல. முடிஞ்சுது. ஊசி நடுவுல போயி கிர் கிர்ருன்னு சுத்துது. எந்திரிச்சு அதைத் தூக்கணும்னு ஒருத்தருக்கும் தோணல.

“என்ன அண்ணாச்சி இது?” புரொபசர்தான் கேட்டாரு. “நீங்க பதியும்போது நின்னுச்சுன்னு சொன்னீங்க.”

முதலாளியும் திரும்பினாரு. “ஊரெல்லாம் கூட்டி வச்சு என் மானம் போச்சே அண்ணாச்சி. இது ஒட்டுப் போட்ட ரெக்கார்டு இல்ல. அப்போ நீங்க பதிஞ்சது என்ன?”

அவிய சேரை விட்டு எந்திரிச்சு, பொன்னாடையை இந்தத் தோள்ல இருந்து அந்தத் தோளுக்கு மாத்தினாவ. என் பக்கம் திரும்பினாவ. மைக்கு இன்னும் கையிலதான் இருந்துச்சு.

“எனக்கு என்ன தெரியும்? நானா பதிஞ்சேன்? அந்தா உக்காந்திருக்கா பாருங்க, அவதான் பதிஞ்சா. எல்லாக் கேசட்டும் அவ பதிஞ்சதுதான். நான் ஒண்ணைக்கூடத் தொட்டதில்ல.”

நாப்பது வருசம் காத்துக் கிடந்த வார்த்தை. ஊரே கேக்க, மைக்குல, அவிய வாயால வந்துருச்சு. எம்புட்டு ஆசையா வந்திருக்கணும், எப்படி வந்துருக்கு பாருங்க. எல்லாத் தலையும் பின்னால திரும்புச்சு.

எந்திரிச்சேன். “ஆமா, நான்தான்”னேன்.

புரொபசர் பாவம், இன்னும் விடல. “மதினி, அந்த இடத்துல நிறுத்தணும்னு உங்களுக்கு என்ன தோணுச்சு?” குரல்ல ஒரு நப்பாசை.

“சோறு வடிக்கணும்னு தோணுச்சு.”

பின்னால பொம்பளையாளுக கொல்லுன்னு சிரிச்சாங்க. நான் சிரிக்கல.

“யாருக்குச் சோறுன்னு கேளுங்க. உங்க மூணு பேருக்குந்தான். கேசட்டு சுடச்சுட வேணும்னு கடை முன்னால வந்து உக்காந்திருந்தீங்க. பசி உயிர் போவுதுன்னு கத்தினது நீங்கதான் புரொபசரே. முதலாளி, நீங்க ரெண்டு தடவை ரசம் வாங்கினீங்க. விளாத்திகுளத்துக்காரரே, ‘சோறு பூ மாதிரி இருக்கு மதினி’ன்னு சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? இருக்காது. அந்தச் சோறு குழையாம இருந்ததுக்குத்தான் உங்க பாட்டு பாதியில நின்னுச்சு. அன்னைக்கே இவியகிட்டச் சொன்னேன், ரெண்டு நிமிசம் ஏறலன்னு. எவன் கண்டான்னு சொன்னாவ. பன்னெண்டு பக்கம் எழுதினீங்களே, இம்புட்டு வருசத்துல ஒருத்தராச்சும் உள்ள வந்து, யாரு பதியுதான்னு எட்டிப் பாத்தீங்களா?”

கிர் கிர்ருன்னு ஊசிச் சத்தம் இன்னும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. எனக்கு அந்தச் சத்தம் பொறுக்கல. குஷன் சேருகளுக்கு நடுவுல நடந்து முன்னால போனேன். ஊசியைத் தூக்கினேன். ரெக்கார்டை முந்தானையால ஒரு சுத்துத் துடைச்சு, கடைசிப் பாட்டுக்கு முன்னால இருக்க அந்த மெல்லிசு கோட்டுல ஊசியை வச்சேன். சரியா உக்காந்துச்சு. பக்கத்துல ஒரு சேரு காலியாக் கிடந்துச்சு, பாராட்டு வாங்கின ஆளோடது. அதுல உக்காந்தேன்.

“ஏட்டி, காபி ஆறிப் போவுது. எல்லாருக்கும் ஊத்திக் கொடு” அப்படின்னாவ அவிய, ஒண்ணுமே நடக்காத மாதிரி.

“பாட்டு முடியட்டும்”னேன்.